மூன்றாவது முறை வண்டி தாழ்ந்தது

விஜயா ஏறியபோது வண்டி இடப்பக்கமாக ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. சந்திரவதனா ஏறியபோது இன்னொரு முறை தாழ்ந்தது. அவள் கொஞ்சம் பாரம், அதனால் எழுவதற்குச் சற்று நேரம் எடுத்தது. அதன் பிறகு, ஏறுவதற்கு வேறு யாருமே இல்லாதபோது, மூன்றாவது முறையும் தாழ்ந்தது.

சாவியைத் திருகப் போன சிவனேஸ்வரியின் கை அப்படியே நின்றது.

"எல்லாரும் ஏறியாச்சோ?"

"ஓம், ஏறியாச்சு," என்றாள் பின்னாலிருந்து சந்திரவதனா. பக்கக் கதவு மூடப்படும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

பதினொரு வருடங்களாக சிட்னியின் மேற்குப் புறநகர்களில் பஸ் ஓட்டுகிறவள் சிவனேஸ்வரி. ஏறுகிறவர்களை அவள் திரும்பிப் பார்ப்பதே குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளை தாவி ஏறினால் ஒரு மாதிரி, பிள்ளை வண்டியோடு தாய் ஏறினால் ஒரு மாதிரி, குடித்துவிட்டு வருகிறவன் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினால் இன்னொரு மாதிரி என்று ஆசனத்தில் இருந்தபடியே அவளுடைய இடுப்பு எண்ணிவிடும். இதுவரை அது பிழைத்ததில்லை.

வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம் பழசு, காற்றில் ஆடியிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே பார்த்தாள். காற்று இல்லை. சாலையோர ஓய்விடத்தின் குப்பைத் தொட்டியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பை அசையாமல் தொங்கியது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை அது. மூன்று சிநேகிதிகளும் சிட்னியிலிருந்து மில்டூராவுக்குப் புறப்பட்டு மூன்றாவது நாள். மேய்ஸ் ஹில் முருகன் கோயில் சமையலறையில் வெங்காயம் வெட்டும்போது பேசிப் பேசியே உருவாக்கிய பயணம். சிட்னியின் கிரவீனில் வீட்டு வாசலில் நின்று சிவனேஸ்வரியின் கணவர் குணசீலன் கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மூண்டு பொம்பிளையள் தனிய, இவ்வளவு பெரிய வண்டியோட! வழியில என்னெண்டாலும் நடந்தா?"

"நடந்தா நான் பாக்கிறன்," என்று சொல்லி அவர் முகத்துக்கு நேரே யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் அவள் கிளம்பியிருந்தாள்.

இப்போதும் கிளம்பினாள். ஹேய் நகரம் பின்னால் போய் அரை மணி நேரமாகிவிட்டது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத சமவெளி, மூன்று வருட வறட்சியில் சாம்பல் பிடித்துப்போன உப்புப் புதர்கள், நடுவில் வளைவே இல்லாத ஒற்றைச் சாலை. உச்சி வெயிலில் எதற்கும் நிழல் இல்லை. விஜயா முன்னிருக்கையில் காலை மடித்து உட்கார்ந்து முறுக்கு டப்பாவைத் திறந்தாள். மதுரைக்காரி, ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை, மூவரிலும் இளையவள். பின்னால் மேசையை ஒட்டிய இருவர் இருக்கையில் சந்திரவதனா தனியாக இருந்தாள். தனியாகத்தான் இருக்கவேண்டும்.

பத்து நிமிடம் போயிருக்கும். பெல்ட் மாட்டும் கொளுக்கியின் 'டக்' என்ற சத்தம் பின்னால் கேட்டது.

"இப்பதான் பெல்ட் போடுறியோ, சந்திரா?"

"நான் அப்பவே போட்டிட்டன்."

வண்டியின் இடப்புறப் பின்சக்கரத்துக்கு மேலே ஏதோ கனம் கூடியிருந்தது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி மெல்ல இடப்பக்கம் சரிந்தது. சிவனேஸ்வரி ஒரு விரல் அளவு வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே ஓட்டவேண்டியிருந்தது. பிறகு அந்த மணம் வந்தது. மழை நாளில் நனைந்த ஆட்கள் இருந்து எழும்பிய ஆசனத்துணியில், கதவு பூட்டி நிறுத்திய பஸ்ஸுக்குள் மறுநாள் காலையில் அடிக்குமே, அந்த ஈரப் புளிப்பு. மூன்று வருடமாக ஒரு துளி விழாத மண்ணில் அந்த மணம்.

"ஏசியில ஏதோ நாத்தம் வருதுக்கா," என்றாள் விஜயா.

சந்திரவதனா பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள். முன்னால் இரண்டு கோப்பைகளை நீட்டினாள். விஜயா வாங்கும்போது சிவனேஸ்வரி உள்கண்ணாடியில் பார்த்தாள். மேசையில் இன்னும் இரண்டு கோப்பைகள் ஆவி பறக்க இருந்தன.

"ஆருக்கடி நாலாவது?"

சந்திரவதனா அந்தக் கோப்பையைப் புதிதாகக் காண்பவள்போலப் பார்த்தாள். "தெரியேல்லை. கை தானா ஊத்திப்போட்டுது." கொஞ்சம் பொறுத்து, கூச்சத்தோடு சொன்னாள்: "அந்த இடத்தில ஏறேக்க, எனக்குப் பின்னால ஆரோ வந்த மாதிரி இருந்தது. கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

சந்திரவதனா அப்படிப்பட்டவள்தான். யார் வந்தாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கலைவிழாவில் முன்வரிசையில் அமர்ந்தால், பின்னால் நிற்பவரைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்பாள். மகன் வீட்டில் அவளுக்கென்று இருந்த அறை மருமகளின் பெற்றோருக்குப் போய் நாலு வருடமாகிறது. மாறிப் படுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளாகவே தலையணையைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தும் கராஜுக்குப் போனாள். அதைக் கேட்ட நாள் சிவனேஸ்வரி அவளைத் திட்டிய திட்டு இன்னும் தீரவில்லை.

கண்ணாடியில் மறுபடி பார்த்தாள்.

சந்திரவதனா இருக்கையின் மூலையில், யன்னல் கரையோடு ஒட்டிப்போய், முழங்கால்களைச் சேர்த்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தாள். நெரிசலான பஸ்ஸில் இருக்கிறவள்போல. அவளுக்குப் பக்கத்தில் மெத்தை அமிழ்ந்து இருந்தது. ஆழமாக. ஆள் இருந்தால் அமிழ்வதுபோல.

சிவனேஸ்வரியின் பிடரி மயிர் எழும்பியது. சாலையைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். மெத்தை எழவில்லை.

கொளுக்கி கழன்ற சத்தம். அலுமாரிக் கைப்பிடிகளைப் பிடித்துப் பிடித்து சந்திரவதனா முன்னால் வந்தாள். தோளில் கைப்பை. சிவனேஸ்வரியின் முழங்கையைத் தொட்டபோது அந்த விரல்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மீன்போல இருந்தன.

"சிவனேஸ், என்னை இதில இறக்கி விடு."

"எதில?"

"இதிலதான். இடம் காணாது. அவையளுக்கு இருக்க இடம் வேணும்."

"என்னக்கா பேசறீங்க?" விஜயாவின் குரல் உடைந்தது. "நடு ரோட்டுல, இந்த வெயில்ல..."

"பரவாயில்லை. நான் நடந்து வாறன்." சாதாரணமாகச் சொன்னாள். முகத்தில் கவலையே இல்லை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

சிவனேஸ்வரி வண்டியை ஓரத்துச் சரளையில் ஏற்றி நிறுத்தினாள். சந்திரவதனா உடனே கதவுப் பக்கம் திரும்பினாள். சிவனேஸ்வரி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விஜயா, இவவைப் பிடி. என்ன சொன்னாலும் விடாதை."

பக்கக் கதவைத் தானே அகலத் திறந்தாள். வெயிலும் இலையான் ஈக்களும் உள்ளே வந்தன. பயத்துக்கு மேலே அவளுக்குப் பழகிப்போன ஒரு கோபம் ஏறிவந்தது. குடித்துவிட்டு வரும் வெறிக்குட்டிகளையும், ஊத்தை பேசுகிறவர்களையும், நிறத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்களையும் பிளாக்டவுன் நிலையத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட கோபம்.

அமிழ்ந்திருந்த மெத்தையைப் பார்த்துச் சொன்னாள்: "இறங்கு."

எதுவும் அசையவில்லை.

"இது என்ர வண்டி. இதில மூண்டு பேர். மூண்டு பேருக்கும் இடம் இருக்கு. உனக்கில்லை. இறங்கு."

இறங்க மாட்டேன் என்கிறவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். சத்தம் போடுவதில் பயனில்லை. போய் இயந்திரத்தை நிறுத்தினாள். திரும்பி வந்து, மேசைக்கு இந்தப் பக்கம், அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"நீ இறங்குமட்டும் இந்த வண்டி போகாது. எனக்கு நேரம் இருக்கு."

இலையான்களின் ரீங்காரம் நின்றது. விஜயாவின் விசும்பலும் தூரத்தில் கேட்பதுபோலானது. நாலாவது கோப்பைத் தேத்தண்ணியின் மேலே ஆவி அற்றுப்போய், மெல்லிய ஆடை படர்ந்தது. ஈரப் புளிப்பு மேசையைக் கடந்து வந்தது. நெருங்கியது. அவள் நெற்றிக்கு மிக அருகில், குனிந்து பார்க்கும் ஒரு முகத்தின் தூரத்தில், நின்றது. கண் இமைகளில் குளிர் பட்டது. மூச்சு.

சிவனேஸ்வரி கண்ணை மூடவில்லை.

"பாத்திட்டியோ? நல்லாப் பார். நான் எழும்ப மாட்டன்."

நெடுநேரம். பிறகு மெத்தை, ஓர் ஓரத்திலிருந்து, மெதுவாக, எழுந்தது. வண்டி கதவுப்பக்கம் தாழ்ந்தது. எழுந்தது. வெளியே சரளையில் ஒரு காலடி. அடுத்தது கேட்கவில்லை.

கதவை அடித்து மூடிப் பூட்டினாள். வண்டியைக் கிளப்பி, காலை முழுதாக அழுத்தினாள். ஸ்டியரிங் இப்போது நேராக நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சந்திரவதனாவின் உதடுகளில் நிறம் திரும்பியிருந்தது. "நான் ஏன் அப்பிடிச் சொன்னனான்?" என்று அழுதாள்.

"உனக்குப் பழகிப்போச்சு. அதால. இனி ஆருக்கும் எழும்பாதை, கேட்டியோ? ஆருக்கும்."

"ஓம்," என்றாள் சந்திரவதனா. போய்த் தன் இருக்கையின் நடுவில் இருந்தாள். பெல்ட்டை மாட்டினாள்.

"அக்கா, நீங்க ஆளு இல்லக்கா. நீங்க புலிக்கா," என்ற விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டாள். பல்ரானால்டுக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர். ஒரு மணி நேரம்கூட இல்லை.

சாலையோரத்தில், பிரதிபலிப்பான் பதித்த வெள்ளைக் கட்டை ஒன்றின் பக்கத்தில், யாரோ நின்றார்கள்.

வலது கை நேராக நீட்டியிருந்தது. உள்ளங்கை கீழே பார்த்தபடி. பஸ்ஸை மறிக்கும் கை. உடுப்பு மண் நிறம். அந்த வெயிலில் அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் இருக்கவேண்டிய இடம் அவர்கள் கடந்துபோகும் வேகத்தோடு சேர்ந்து திரும்பியது.

விஜயா மெல்லுவதை நிறுத்தினாள்.

அடுத்த கட்டையிலும் ஒருவர். கை நீட்டியபடி. அதற்கு அடுத்ததிலும்.

"நிறுத்தாதீங்க அக்கா."

"நிப்பாட்ட மாட்டன்."

நூற்றுப்பத்தில் கடந்தார்கள். வண்டி இடப்பக்கம் தாழ்ந்து எழுந்தது.

கதவு பூட்டியிருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி தாழ்ந்தது. மறுபடி. ஒவ்வொரு கட்டைக்கும். சிவனேஸ்வரியின் இடுப்பு எண்ணியது. ஏழு. எட்டு. பதினொன்று. கால் தரையோடு அழுத்தியிருக்க வேகமானியின் முள் தொண்ணூறுக்கு இறங்கியது. எழுபது. ஈரப் புளிப்பு கழுத்துவரை வந்து நின்றது.

"தள்ளிப் போங்கோ!"

சந்திரவதனாவின் குரல். அவளிடமிருந்து இத்தனை வருடத்தில் கேட்டிராத பெரிய குரல்.

"தொடாதேங்கோ! இது என்ர இடம்! நான் எழும்ப மாட்டன்! எழும்ப மாட்டன்!"

"விடாதை சந்திரா!" என்று கத்தினாள் சிவனேஸ்வரி. "பிடிச்சுக்கொண்டிரு!"

கண்ணாடியைப் பார்த்தாள்.

இருக்கைகள் நிறைந்திருந்தன. நடைவழியும் நிறைந்திருந்தது. நின்றவர்கள் அலுமாரிக் கைப்பிடிகளைப் பிடித்தபடி, ஈரத் துணிகள் ஒன்றோடொன்று ஒட்ட, எல்லாரும் ஒரே பக்கம், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் நடுவில், தோள்களுக்குக் கீழே, மேசை விளிம்பைப் பற்றியிருந்த சந்திரவதனாவின் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. முட்டிகள் வெளுத்திருந்தன. விடவில்லை.

முள் நாற்பதில் நின்றது. சிவனேஸ்வரி காலை எடுக்கவில்லை. முன்னால், வெள்ளை வெயிலில், சாலை வானத்தைத் தொடும் இடம்வரை, ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கை நீண்டிருந்தது.