விருந்தாளி அறை

எம்லினை, நோயாளியைத் தூக்கும் ஹாய்ஸ்ட் இயந்திரத்தின் பட்டைகளில் கட்டி, கட்டிலிலிருந்து அந்தரத்தில் தூக்கியிருந்த நேரத்தில்தான் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தட்டாமல் உள்ளே வருகிறவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். எம்லினின் அக்கா எனிட்.

"அண்ணி, கொஞ்சம் அங்கயே இருங்க. இவர நாற்காலியில இறக்கிட்டு வர்றேன்," என்றாள் அவன் மனைவி நெஸ்டா.

"நான் பாக்காத உடம்பா? குளிப்பாட்டி வளத்த தம்பி," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. ஆள் வரவில்லை. தம்பி அந்த இயந்திரத்தில் தொங்குவதை எனிட் ஒரே ஒரு முறை பார்த்தாள். அதன்பிறகு அந்த நேரத்தில் அவள் அறைக்குள் கால் வைத்ததில்லை.

இரும்பாலையில் உலை முன்னால் இருபத்தேழு வருஷம் நின்ற கால்கள் எம்லினுக்கு. நரம்பு நோய் முதலில் அவற்றை எடுத்துக்கொண்டது, பிறகு கைகளை. வாயை மட்டும் விட்டுவைத்தது.

"என்னைத் தொங்கவிட்டுட்டு ரெண்டு பேரும் மாமியார் மருமக மாதிரி பேசாதீங்க," என்றான் அவன். "கறிக்கடை ஆட்டுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியல."

நெஸ்டா சிரித்தபடியே அவனை இறக்கி, காலைத் தூக்கிப் பலகையில் வைத்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள். எனிட் கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்தாள். அது நல்ல அறிகுறியில்லை.

"கறிக்கடையில வரிசையில நிக்கறேன். ஊரே கேக்குது... உன் தம்பி வீட்டைக் காலி பண்றாராமே, நெஸ்டா ஒத்த ரூம் ஃப்ளாட் பாத்துட்டு வந்தாளாமேன்னு. எனக்கே தெரியாத சேதி."

"பாத்துட்டுதான் வந்தேன், அண்ணி."

"அந்த ஃப்ளாட்டுல இந்த மெஷின் நுழையுமா?"

"நுழையாது."

"அப்ப என் தம்பி எங்க போவான்?"

நெஸ்டா கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அந்தக் கேள்விக்கு ஊருக்கு வெளியே, மேட்டின் மேல், ஒரு முதியோர் இல்லம் பதிலாக நின்றுகொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள்.

"பேசமாட்டே. நீ பேச வேண்டிய நாள்லயும் பேசல," என்றாள் எனிட். "ஏப்ரல்ல அந்தக் கவுன்சில் பையன் வந்தான் இல்ல? அன்னிக்கு நீ வாயத் தொறந்து எங்க நெலமை இதுதான்னு சொல்லியிருந்தா வாடகை உதவியில இந்த வெட்டு வந்திருக்குமா? கல்லு மாதிரி நின்ன. இப்ப என் தம்பி தெருவுக்கு வர்றான்."

பதிலுக்கு ஒரு வார்த்தை நெஸ்டாவிடம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எனிட் தலைகுனிந்திருப்பாள்.

"டீ போடட்டுமா, அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரலில் நடந்தது இதுதான். வாடகைக்கு உதவித்தொகை வாங்குகிறவர்களின் வீட்டில் தேவைக்கு மேல் அறை இருந்தால் தொகையை வெட்டுவது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. கணவன் மனைவிக்கு ஓர் அறை போதும் என்பது கணக்கு. எம்லினின் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஹாய்ஸ்டும் போக நிற்கவே இடமில்லை. இரவெல்லாம் அவன் கால்கள் தாமாக உதறும். நெஸ்டா ஆறு வருஷமாகப் பக்கத்துச் சிற்றறையில், அவன் மூச்சைக் கேட்டுச் சொல்லும் சின்னப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவந்தாள். வீட்டைப் பார்க்கக் கவுன்சில் ஆள் வருகிறார் என்றதும் எனிட் விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் போதகர் வந்தாலும் டாக்டர் வந்தாலும் கடன்காரனே வந்தாலும் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். கழிப்பு நாற்காலி குளியலறைத் திரைக்குப் பின்னால் போனது. டயப்பர் பெட்டிகள் கொல்லையில் நிலக்கரி வைக்கும் கரிக்கொட்டகைக்குப் போயின. நெஸ்டாவின் இரவு உடை, மாத்திரை, அந்தப் பெட்டி எல்லாம் அலமாரிக்குள் மறைந்தன. சிற்றறைக் கட்டிலில் எனிடின் அம்மா தைத்த ரோஜா மெத்தைவிரிப்பும், ஜன்னலோரம் ஒரு குவளை டாஃபடில் பூவும் வந்தன.

வந்த பையன் நல்ல பையன்தான். "இங்க யாரு படுக்கறாங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

நெஸ்டா வாயெடுப்பதற்குள் எனிட் சொல்லிவிட்டாள். "விருந்தாளிங்க, தம்பி. எங்க குடும்பத்துல எந்தக் காலத்துலயும் விருந்தாளிக்குன்னு ஒரு அறை இருக்கும்."

கணவனும் மனைவியும் தனித்தனியே படுக்கிறார்கள் என்று முன்பின் தெரியாத பையனிடம் சொல்வதா? மூத்தவளை அவன் எதிரில் பொய்யாக்குவதா? அந்தத் தெருவில் சொல்லாமல் விடுவதற்கு மானம் என்று பெயர். நெஸ்டா அதை மதித்தாள். வாடகை உதவியில் ஏழில் ஒரு பங்கு போயிற்று.

அன்று முதல் அவள் மாலையில் பள்ளிக்கூடம் கூட்டும் வேலைக்குப் போனாள். சேப்பல் என்ற ஊர்த் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி என்று ஒன்று இருந்தது அவளுக்கு. வாரத்தில் அவள் வாய்விட்டுப் பாடிய ஒரே நேரம். அது நின்றது. தன் அறையின் ஹீட்டரை மூடிவிட்டுக் கோட்டோடு படுத்தாள். அப்படியும் வாடகைக்கு எட்டவில்லை. ஃப்ளாட்டைப் போய்ப் பார்த்தது அதனால்தான். பார்த்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாள்.

எனிட் வந்து கொட்டிவிட்டுப் போன சில நாளில், இதில் பாதியை மகள் கெரிஸ் கண்டுபிடித்துவிட்டாள். கார்டிஃப் நகரத்திலிருந்து கவுன்சிலோடு போனில் மல்லுக்கட்டி, மறுபடி ஆள் வந்து பார்க்க நாள் வாங்கினாள்.

"அம்மா, இந்தத் தடவை எதையும் ஒளிச்சு வைக்காத. இருக்கறது இருக்கறபடி இருக்கட்டும்," என்று ஆயிரம் முறை சொன்னாள்.

"சரிம்மா," என்றாள் நெஸ்டா.

அந்த நாள் விடிந்ததும் எனிட் மெத்தைவிரிப்பைக் கையில் மடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணி, வேண்டாம்..."

"சும்மா இரு. நீ ஃப்ளாட் பாத்த லட்சணத்துக்கு நான் இதாவது செய்யறேன். சுத்தமா இருக்கற வீட்டுக்குத்தான் கவுன்சில்காரன் மரியாதை குடுப்பான். குப்பைமேடா இருந்தா இவங்களுக்கு எதுக்கு வீடுன்னுதான் நினைப்பான்." அதை எனிட் மனதார நம்பினாள். நெஸ்டாவின் தலையணையைத் தூக்கி அலமாரியில் திணித்தாள், மற்றதெல்லாம் ஏப்ரலில் போன இடத்துக்கே போயின.

அதே பையன்தான் வந்தான். சிற்றறை வாசலில் நின்று ரோஜா விரிப்பைப் பார்த்தான். அவன் முகம் சங்கடப்பட்டது.

"இது மனைவி தூங்கற அறைன்னு உங்க பொண்ணு போன்ல சொன்னாங்க. ஆனா போன தடவை இது விருந்தாளி அறைன்னு..." அவன் எனிடைப் பார்த்தான். "நீங்கதானேம்மா சொன்னீங்க? அத வச்சுதான் நான் எழுதினேன். யாரும் படுக்காத அறைன்னா வெட்டறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

எனிட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க இல்ல," என்று அவசரமாகக் குறுக்கே வந்தாள் நெஸ்டா. "நான்தான் சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் மாறியிருக்கும்."

பக்கத்து அறையிலிருந்து எம்லினின் குரல் வந்தது. "பொய் சொல்லாத நெஸ்டா. எனக்குக் கையும் காலும்தான் போச்சு. காது பத்திரமா இருக்கு."

எனிட் நெஸ்டாவைப் பார்த்தாள். கறிக்கடையிலிருந்து வந்து தான் கொட்டிய ஒவ்வொரு சொல்லும், அதற்கு இவள் டீ போட்டுக் கொடுத்ததும் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். அறுபத்துநாலு வயதில், எவன் எதிரிலும் நிமிர்ந்த முதுகு அவளுடையது. அதைக் கொஞ்சமும் வளைக்காமல் கட்டிலருகே போனாள். அம்மா தைத்த விரிப்பை ஒரே இழுப்பில் உருவித் தரையில் போட்டாள். அலமாரியைத் திறந்து தலையணை, இரவு உடை, மாத்திரை, மூச்சுப் பெட்டி எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினாள்.

"எழுதிக்கோ, தம்பி," என்றாள். "என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் ஒரு கட்டில்ல படுத்து ஆறு வருஷம் ஆச்சு. அவன் கால் ராத்திரி பூரா உதைக்கும். இவ இங்க கெடந்து அவன் மூச்ச எண்ணிட்டிருக்கா. கழிப்பு நாற்காலி குளியலறைத் திரைக்குப் பின்னால இருக்கு. வா, காட்டறேன். விருந்தாளின்னு சொன்னது நான். இந்த வீட்டுக்கு விருந்தாளி வந்து எத்தனையோ வருஷமாச்சு."

அவனைக் கூட்டிப்போய்க் கரிக்கொட்டகை வரைக்கும் காட்டினாள். அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. தன்னால் உறுதி சொல்ல முடியாது, ஆனால் கண்ட அத்தனையும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

வாசல் கதவு சாத்தியதும்தான் எனிட் நடையிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி சொல்லல? நான் அத்தனை பேசினேனே... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா அவமானத்துல நீங்க இந்தப் பக்கம் வர்றதையே நிறுத்தியிருப்பீங்க, அண்ணி. தெனம் காலையில அந்தப் பின்கதவு சத்தத்துக்காக அவர் காத்திருப்பார். அது உங்களுக்குத் தெரியாது."

எனிட் முகத்தை நெஸ்டாவின் சமையல் ஏப்ரனில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நெஸ்டா அந்த நரைத்த தலையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தானும் அழுதாள்.

"அழுது முடிச்சதும் சொல்லுங்க," என்றான் எம்லின் உள்ளிருந்து. "எனக்கு மூக்கு அரிக்குது. சொறிய ஆளில்ல."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கெரிஸ் போன் செய்தாள். வெட்டிய பங்கை ஒரு வருஷத்துக்கு வேறொரு நிதியிலிருந்து தருகிறார்கள். அடுத்த வருஷம் மறுபடி கேட்க வேண்டும்.

"கேப்போம்," என்றாள் எனிட். "வாய் இருக்கே."

அந்த மாதமே அவள் ஹாய்ஸ்ட் பழகினாள். முதல் நாள் பட்டையைத் திருப்பி மாட்டினாள். எம்லின் திட்டினான், அவள் பதிலுக்குத் திட்டினாள். ஒரு வாரத்தில் தம்பியைத் தனியாகவே நாற்காலியில் இறக்கினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு, போதகர் வந்து கதவைத் தட்டினார். நல்ல பகல். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் எந்தப் பெண் படுத்திருந்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள். எனிட் கதவைத் திறந்தாள். தலை வாரவில்லை, முழங்கை வரை சோப்பு நுரை.

"நெஸ்டா இல்லையா? வியாழக்கிழமை பாட்டுக்கு மறுபடி வர்றாங்களான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"வருவா," என்றாள் எனிட். "இப்பத் தூங்கறா. ராத்திரி கண்ணு மூடல. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, ஐயா. அந்த ஜன்னலுக்குப் பின்னாலதான் அவளோட அறை."