பிடித்துவைத்த அழுக்கு

வண்டியை ஒரு வாரமாக எடுக்கவே இல்லை. இருந்தும் அடியிலிருந்து பேசினில் இறங்கிய கியர் ஆயில் வெதுவெதுப்பாக இருந்தது.

திருவொற்றியூரில் வீட்டை ஒட்டிய சந்தில், காருக்கடியில் மல்லாந்து கிடந்த ஜெபசிங் விரலை அதில் மறுபடியும் விட்டுப் பார்த்தான். வெயில் சூடு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றால், அன்று முழுக்க வானம் மூடிக் கிடந்தது. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினால்தான் கியர் ஆயில் ஒழுங்காக இறங்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. சந்தேகம் பொறுக்கவில்லை, அப்படியே திறந்துவிட்டான். ஜெபசிங்குக்குச் சந்தேகம் பசி மாதிரி, வேளை தவறாமல் வந்துவிடும்.

கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஏறி அவனுடைய இடது பாதம் போனது. கிளட்ச் மிதிக்க வழியில்லாமல் போனபின், தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார் ஒன்றைத் தேடி அலைந்து, காசிமேட்டில் பழைய வண்டி விற்கும் ஆன்றோவிடம் இதை வாங்கினான். சாவியைக் கொடுக்கும்போது ஆன்றோ அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"இன்னா வேணா பண்ணிக்க மாமு, கியர் ஆயில மட்டும் மாத்தாத. அந்த அழுக்குதான் உள்ள கீறத புடிச்சிகினு கீது."

பழைய வண்டிக்கு எல்லா மெக்கானிக்கும் சொல்வதுதான் அது. கியர்பாக்ஸுக்குள் தேய்ந்த பிளேட்டுகளை அழுக்குதான் வழுக்காமல் பிடித்துவைத்திருக்கும், புது ஆயில் ஊற்றினால் கியர் விழாது என்பார்கள். ஆனால் அதை எதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லவேண்டும்? வெள்ளத்தில் மூழ்கின வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்றே ஜெபசிங் முடிவு கட்டினான். திறந்து பார்க்கிறவரை மனைவி ஃப்ளோரன்ஸையும் குழந்தை ஷைனியையும் அதில் ஏற விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக்கூட ஆட்டோதான். உலகத்தில் அவன் யாரையும் நம்பாமல் இருந்ததெல்லாம் அந்த நாலு வயதுக் குழந்தைக்காகத்தான்.

தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் ரோஸ் மில்க் போல வரும். இது கறுப்பாக வந்தது. கருகின வாடையும் இல்லை. காய்ச்சலில் கிடப்பவரின் மூச்சும், நாள்பட்ட தலையணை உறையும் கலந்தாற்போல் ஒரு வாடை, பேசின் வரைக்கும் இறங்கி அங்கேயே நின்றது. எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் புகைக்காற்று கூட அதை அசைக்கவில்லை.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினான். உள்ளே இருக்கும் காந்தத்தில் இரும்புத்தூள் சாம்பலாக அப்பியிருக்கவேண்டும். இதில் ரவிக்கைக் கொக்கிகள் ஒட்டியிருந்தன. ஒரு ஊக்கும். துரு இல்லாமல், துடைத்து வைத்த மாதிரி.

யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள், அதை மறைத்துத்தான் ஆன்றோ விற்றிருக்கிறான் என்று அவனுக்கு ரத்தம் கொதித்தது. கோபத்தில் பயம் தெரியவில்லை. காந்தத்தைத் துடைத்தான், புது ஃபில்டர் போட்டான், தட்டை முடுக்கினான், வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, சிவப்பாக மின்னிய புது ஆயிலைப் புனல் வைத்து ஊற்றினான். எஞ்சினை எழுப்பி, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்தி நகர்த்தினான். எல்லாம் வெண்ணெயாக விழுந்தது.

கடைசியாகக் கியரைப் பார்க்கிங்கில் போட்டபோது, வண்டியின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு ஆள் இறங்கினால் உயருமே, அப்படி. கண்ணாடியில் பார்த்தான். சீட் காலியாக இருந்தது.

இறங்கிவந்து ஆன்றோவுக்கு போன் போட்டு, கியர் ஜம்மென்று விழுவதைச் சொல்லி, கொக்கிகளைப் பற்றியும் ஒரு பிடி பிடித்தான். மறுபக்கத்தில் காசிமேட்டு ஐஸ் மெஷின் ஓடும் இரைச்சல் கேட்டது.

"எறக்குன ஆயிலு எங்க கீது?" என்று கடைசியில் கேட்டான் ஆன்றோ.

ஜெபசிங் திரும்பிப் பார்த்தான். வண்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்த பேசினைக் காணோம்.

"வூட்டுக்குள்ள போவல இல்ல? வண்டியோட கெடந்த வரிக்கும் அது யாரையும் ஒண்ணும் பண்ல, மாமு."

போன் துண்டிக்கப்பட்டுவிட்டது. மறுபடி போட்டான், ஆன்றோ எடுக்கவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவில் கரண்டும் போயிற்று. ஜெபசிங் பேசினைத் தேடிப் பின்கட்டுக்குப் போனான். ஃப்ளோரன்ஸ் அங்கே சோப்புப் போட்டுக் கறுத்த கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், காலடியில் காலி பேசின். கழிவு ஆயிலைக் கரையானுக்குத் தடவாத வீடு அந்தத் தெருவில் இல்லை. எத்தனையோ தடவை அவளே கேட்டிருக்கிறாள்.

"கொண்டாறேன் கொண்டாறேன்னு சொல்லிக்கினே இருந்தீங்க. கதவு நெலையிலயும் பாப்பா கட்டில் காலுலயும் நானே தடவிட்டேன். அது தூங்கிகினு கீது, சத்தம் போடாதீங்க."

வீட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. தூங்கும் குழந்தையின் முதுகில் உள்ளங்கை விழும் சத்தம். மெதுவாக. சீராக.

ஃப்ளோரன்ஸின் கை சோப்பு நுரையில் நின்றுபோயிற்று. வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஜெபசிங் பொய்க்காலை இழுத்துக்கொண்டு ஓடினான். அது ஓட்டமே இல்லை. கூடத்தில் அந்த வாடை. காய்ச்சல் மூச்சு. தலையணை உறை. போன் வெளிச்சத்தில் கதவு நிலை தெரிந்தது. மரம் வெளிறிக் காய்ந்திருந்தது. தடவின சுவடே இல்லை. கட்டில் கால்கள். அவையும் காய்ந்திருந்தன.

தட்டும் சத்தம் நின்றது.

ஷைனி ஒருக்களித்துத் தூங்கினாள். அவளுக்குப் பின்னால் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது, ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு. பள்ளத்தில் யாரும் இல்லை.

வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு இன்னும் மயிர் முளைக்காத தலை அது. அந்தத் தலையிலிருந்து ஒரு பின்னல் இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்பாக. ஆயில் ஈரத்தோடு. ஒரு புரி மேலே. ஒரு புரி கீழே. கட்டிலைத் தாண்டியது. தரையைத் தொட்டது. தூக்கத்தில் ஷைனி சிரித்தாள். பின்னல் நீண்டுகொண்டே இருந்தது.