புத்தகம் பதிய ஆள் தேவை

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு புதன்கிழமை காலையில், சின்ன காஞ்சிபுரத்து வேங்கடாசாரியார் நூல்நிலையத்தின் வாசலுக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தெருவெல்லாம் சேறு. செருப்பைக் கழற்றி ஒரு கையிலும் மஞ்சள் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, கதவுக்கு மேலே இருந்த பித்தளைப் பெயர்ப்பலகையை அவள் நிதானமாகப் படித்தாள்.

ஜன்னலோரத்தில் நின்று அழகியமணவாளன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் இருந்தது அவருடைய தகப்பனாரின் பெயர். முப்பத்தைந்து வருஷமாக அதைத் தினமும் துடைக்கச் சொல்லி, தாமே ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் உள்ளே போவார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர். யாரிடமும் கெஞ்சியதில்லை என்று ஊரில் பெயர்.

அந்த 1969-ஆம் வருஷ ஐப்பசியில் அவர் கெஞ்சும் நிலைக்கு வந்திருந்தார்.

சர்க்கார் கடிதம் மேஜை மேல் கிடந்தது. மூன்று வருஷமாக நன்கொடையாக வந்து குவிந்த அறுநூறுக்கு மேற்பட்ட புத்தகங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறவில்லை. நூலகச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அவற்றை முறைப்படி பதிந்து முடிக்க வேண்டும். பன்னிரண்டு நாளில் அதிகாரி வந்து பார்ப்பார். முடியாவிட்டால் அங்கீகாரம் ரத்து. புத்தகங்கள் சர்க்கார் நூலகத்துக்குப் போகும். பெயர்ப்பலகை இறங்கும்.

ஆள் கேட்டு விளம்பரம் கொடுப்பது இது நான்காவது தடவை. முதலில் வந்தவர் ஒன்பது நாள் இருந்தார். அடுத்தவர் நான்கு நாள். மூன்றாமவர் வந்த அன்று மத்தியானமே குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். காரணம் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பேர்?" என்றார், அந்தப் பெண் எதிரே வந்து நின்றதும்.

"காந்தாங்க ஐயா. பிள்ளையார்பாளையம். அப்பா பட்டு நெய்ஞ்சிக்கினு இருந்தாரு. இப்ப கண்ணு தெரியறதில்ல."

"இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தே?"

"எங்கியும் இல்லீங்க. மெட்ராஸ்ல சான்றிதழ் படிச்சுட்டு வந்து ரெண்டு வருசம் ஆவுது."

ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். கையெழுத்து முத்தாக இருந்தது.

"பதிவேட்டிலே தப்பா எழுதிட்டா என்ன பண்ணுவே?"

"சுரண்டக் கூடாது, அடிக்கக் கூடாது, பக்கத்தக் கிழிக்கக் கூடாது. குறிப்புப் பத்தியில சிவப்பு மையில திருத்தத்த எழுதி, தேதி போட்டு, பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும்."

சரியான பதில். ஆனால் அதே பதிலை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், இதே அறையில் இன்னொருவர் சொல்லிக் கேட்டிருக்கிறார். அழகியமணவாளன் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாள் இருப்பே அம்மா?"

தம் குரலில் இருந்த இறைஞ்சல் அவருக்கே கூச்சமாக இருந்தது.

"நீங்க போவச் சொல்ற வரைக்கும்," என்றாள் காந்தா.

பியூன் துரைக்கண்ணு அவளைப் பின்கட்டில் இருந்த பதிவு அறைக்கு அழைத்துப் போனான். திரும்பி வந்தவன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, "இந்த அம்மா என்னிக்கு ஓடுமோ, சாமி? குடையாச்சும் வச்சிட்டுப் போனா, நமக்கு ரெண்டு ஆவும்," என்றான்.

"வாயை மூடு," என்றார் அவர்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் காந்தா பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். தொண்ணூற்று நான்கு புத்தகங்கள் ஏறியிருந்தன. யாராக இருந்தாலும் ஒரு நாளில் நாற்பதுதான் முடியும். அவருக்கு நம்ப முடியவில்லை.

"எப்படிம்மா?"

"ஒருத்தர் வாசிச்சா சீக்கிரம் முடியுது இல்லீங்களா? அவரு பேர், ஆசிரியர், பக்கம் எல்லாம் வரிசையா வாசிச்சாரு. நான் திருப்பிச் சொல்லிக்கினே எழுதிட்டேன். நல்ல குரல்."

பதிவு வேலையை அப்படித்தான் செய்வது வழக்கம். ஒருவர் புத்தகத்தைப் பிரித்து வாசிப்பார். மற்றவர் பிழை வராமல் இருக்க வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி எழுதுவார்.

"யார் வாசிச்சது?"

"உங்க ஆளு தானுங்களே. அலமாரிக்குப் பின்னால உக்காந்துக்கினு."

துரைக்கண்ணுவுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது.

நூல்நிலையத்தில் வேறு யாரும் இல்லை.

அழகியமணவாளன் பதிவேட்டை மெல்ல மூடினார். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு வரமாட்டாள். விளம்பரம் கொடுக்க இனி நாளில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லது. நாளைக்கும் நேரத்துக்கு வந்துடு," என்றார்.

அன்று வீடு திரும்பியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பதிவு அறையில் வேலை பார்த்தவர் உமாபதி. அவர் கைபடாத பதிவு அந்த நூல்நிலையத்தில் கிடையாது. ஒருநாள் பதினேழு அபூர்வமான பழைய அச்சுப் புத்தகங்கள் காணாமல் போயின. எடுத்து விற்றவன் முரளீதரன், அழகியமணவாளனின் உடன்பிறந்த தம்பி. அது அவருக்கு மூன்றாம் நாளே தெரியும். ஆனால் வேங்கடாசாரியாரின் பிள்ளை திருடன் என்று ஊர் பேசுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பதினேழு பதிவுகளுக்கும் எதிரே சிவப்பு மையில் தம் கையால் எழுதினார்: உமாபதியால் களவாடப்பட்டது.

உமாபதி சண்டை போடவில்லை. "வேலையை விட்டு அனுப்புங்க. அந்த வரிய மட்டும் திருத்திடுங்க. குறிப்புப் பத்தியில இடம் இருக்குது," என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அழகியமணவாளன் திருத்தவில்லை.

அந்த ஐப்பசியில் பாலாற்றில் வெள்ளம். உமாபதி ஓரிக்கைப் பக்கம் ஆற்றை நோக்கி நடந்து போனதைச் சிலர் பார்த்தார்கள். திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் மனைவி பூவம்மாள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் அழகியமணவாளன் பதிவு அறையின் கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் போய் நின்றார். மழை பிடித்திருந்தது. உள்ளே ஒற்றை பல்பு எரிந்தது. காந்தாவின் குரல் மட்டும் கேட்டது. ஒரு பெயரைச் சொல்வாள். பேனா ஓடும். பிறகு தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். பிறகு அடுத்த பெயர்.

அந்த இடைவெளிகளில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு வாசனை வந்தது. உமாபதி புத்தகம் ஒட்டப் பூச்சி வராமல் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சும் பசையின் நெடி. அதற்கு அடியில் ஈர ஆற்றுமணல்.

அவர் திரும்பி நடந்தார். நடந்தாரா ஓடினாரா என்று அவருக்கே தெரியவில்லை.

எட்டாம் நாள் காந்தா பதிவேட்டை அவர் மேஜை மேல் வைத்தாள். அந்த எட்டு நாளில் அவள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"முடிஞ்சிட்டது ஐயா."

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அறுநூற்று நாற்பது புத்தகங்களும் இருந்தன. அதற்குக் கீழே இன்னும் பதினேழு வரிகள். அந்தப் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். புத்தகம் எங்கிருந்து வந்தது என்று குறிக்கும் 'வந்த வழி' பத்தியில் பதினேழு தடவையும் ஒரே வாசகம்.

வரவில்லை. முரளீதரன் விற்றது. அண்ணனுக்குத் தெரியும்.

"இது என்ன?" அவருடைய குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"வாசிச்சதத்தான் எழுதினேன்."

"யார் வாசிக்கறான்னு தெரியுமா உனக்கு?"

"மூணாம் நாளே அலமாரிக்குப் பின்னால போய்ப் பார்த்துட்டேன் ஐயா. வெறுஞ் செவுரு. தரையில தண்ணி."

"அப்புறமும் ஏன் இருந்தே?"

"எங்க போறது? வீட்டுல தறி நின்னு ஏழு மாசம் ஆவுது. அங்க வாசிக்கறது யாருன்னு உங்களுக்கும் தெரியுமில்ல? தெரிஞ்சிக்கினுதானே என்னை உள்ள உக்கார வச்சீங்க."

பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணும் சர்க்கார் முத்திரையும் இருந்தன. கிழிக்க வழியில்லை. அடிக்க வழியில்லை. அன்றும் மறுநாளும் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருமாளை அழைத்தார். தகப்பனாரை அழைத்தார். பெயர்ப்பலகையைத் துடைக்கச் சொல்ல மறந்தார். அவரிடம் ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. ஏற்கனவே ஒருமுறை போய்ப் பழகிய வழி.

குறித்த நாளில் அதிகாரி வந்தார். மத்தியானம் இரண்டு மணி. வானம் கறுத்துப் பதிவு அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. காந்தா சுவரோரமாக நின்றாள்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டித் தலையசைத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"இந்தப் பதினேழும் என்ன சார்? இப்படி ஒரு பதிவை நான் பார்த்ததே இல்லையே. யார் எழுதச் சொன்னது?"

காந்தா அழகியமணவாளனைப் பார்த்தாள்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "இந்தப் பெண்ணோட பிழை. இப்பவே குறிப்பு எழுதிடறேன்," என்றார்.

அப்போது அவருக்கும் முதல்முறையாகக் கேட்டது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து, அவசரமில்லாத, நல்ல குரல்.

"சேர்க்கை எண், ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு."

அதிகாரி தலை நிமிரவில்லை. அவருக்குக் கேட்கவில்லை.

"பெயர், காந்தா."

"பெயர், காந்தா," என்று சுவரோரத்தில் அவள் உதடுகள் திருப்பிச் சொல்லின. கண்கள் எதையும் பார்க்கவில்லை. வலக்கை விரல் இடது உள்ளங்கையில் எழுதத் தொடங்கியிருந்தது.

"ஊர், பிள்ளையார்பாளையம்."

"ஊர், பிள்ளையார்பாளையம்."

அவள் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. புடவைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே இன்னும் மழை பெய்யவில்லை.

"வந்த வழி..." என்று குரல் நிறுத்தியது.

காத்திருந்தது.

அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று அழகியமணவாளனுக்குப் புரிந்தது. அவர் எழுதப் போகும் வரியைத்தான் அது வாசிக்கப் போகிறது. அவர் எழுதி முடித்த கணத்தில் இந்தப் பெண்ணும் அந்தப் பதிவேட்டுக்குள் போய்விடுவாள். உமாபதி போனது போல.

தகப்பனாரின் முகம் நினைவுக்கு வந்தது. ஊர் நினைவுக்கு வந்தது. அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை இழுத்து, பன்னிரண்டு வருஷமாகத் திறக்காத பக்கத்தைத் திறந்து, பதினேழு வரிகளுக்கும் எதிரே எழுதினார்.

நான் எழுதியது பொய். உமாபதி எடுக்கவில்லை. எடுத்தவன் என் தம்பி முரளீதரன்.

ஒவ்வொன்றின் கீழும் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பதினேழாவது கையெழுத்தின்போது காந்தா நீளமாக மூச்சை இழுத்துச் சுவரில் சாய்ந்தாள். "தண்ணி குடுங்க," என்றாள். துரைக்கண்ணு ஓடினான்.

அழகியமணவாளன் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

"சேர்க்கை எண், ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு," என்றது குரல், அதே பொறுமையுடன். "பெயர், அழகியமணவாளன்."

அங்கீகாரம் ரத்தானது. பொய்ப் பதிவு வைத்திருந்த இடத்தை விட்டுவைக்க முடியாது என்று அதிகாரி வருத்தத்துடன்தான் சொன்னார். நான்கு நாளில் புத்தகங்கள் லாரியில் ஏறின. பெயர்ப்பலகையைக் கழற்றும்போது அவர் தெருவில் நின்று கடைசி திருகாணி வரும்வரை பார்த்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பங்குனி வெயிலில் ஒருநாள் காந்தா அவர் வீட்டுக்கு வந்தாள். புத்தகங்கள் போன சர்க்கார் நூலகத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நல்ல செய்தி சொல்ல வந்தவள் போல இல்லை. கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அங்கயும் வந்துட்டாரு ஐயா."

அவர் விசிறியைக் கீழே வைத்தார்.

"இப்ப ரெண்டு குரல். அவரு வாசிக்கிறாரு. இன்னொருத்தர் திருப்பிச் சொல்றாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும். அந்த நேரத்துல நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கேதான். தூங்கிண்டிருப்பேன்."

சொல்லும்போதே தம் குரலின் கரகரப்பு அவர் காதில் விழுந்தது. ஒரு மாதமாக இப்படித்தான். தூங்கி எழுந்தால், இரண்டு மணி நேரம் விடாமல் பேசியவனைப் போலத் தொண்டை வறண்டு கிடக்கிறது.

"அது உங்க குரலு ஐயா," என்றாள் காந்தா. "நேத்து உங்க பேர் வந்த எடத்துல நின்னுட்டாங்க. வந்த வழி இன்னான்னு அவரு கேக்கறாரு. திரும்பத் திரும்பக் கேக்கறாரு. நீங்க சொல்லவே இல்ல."

"இன்னிக்கு நான் தூங்கமாட்டேன்."

"தூங்காதீங்க. நான் பேசிக்கினே இருக்கேன்."

உள்ளே கடிகாரம் இரண்டு அடித்தது. காந்தா அவசரமாக எதையோ சொல்லத் தொடங்கினாள், அப்பாவின் கண்ணைப் பற்றி, பஸ்ஸில் வந்த கூட்டத்தைப் பற்றி. அவள் குரல் தேய்ந்து தேய்ந்து ஒரு சுவருக்கு அப்பால் போயிற்று. அவருடைய பாதங்களில் தண்ணீர் பட்டது. சில்லென்று இருந்தது.

"ஐயா. ஐயா, கண்ணத் தெறங்க."

அவர் உதடுகள் திறந்தன. ஆனால் பதில் அவளுக்கு இல்லை.

"சேர்க்கை எண், ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு," என்றார்.