பன்னிரண்டு பம்பர்களும் ஒரு மஞ்சள் ஜீப்பும்

கொக்கி வந்தது. ஜீப் வரவில்லை.

வெண்ணந்தூர் ஏரிக்கரைச் சேற்றில் அச்சு வரை புதைந்திருந்த மஞ்சள் ஜீப் ஒரு அங்குலம்கூட அசையாமல் நிற்க, அதன் பம்பரிலிருந்த கொக்கி மட்டும் ஒரு துண்டுத் தகட்டோடு பிய்த்துக்கொண்டு பறந்து வந்தது. வந்த வேகத்தில், இழுத்துக்கொண்டிருந்த மலர்விழியின் ஜீப்புக்குப் பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயரில் 'டமார்' என்று மோதி விழுந்தது.

மலர்விழி வண்டியை நிறுத்திக் கீழே குதித்தாள். தூறல் முகத்தில் விழுந்தது. அதற்குள் மஞ்சள் ஜீப்புக்காரன் சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டு ஓடி வந்திருந்தான்.

"ஏனுங்க... உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

நனைந்த இமைகளுக்குள்ளே இரண்டு கண்கள்... பயந்துபோன கண்கள். தன் வண்டியைப் பற்றி அல்ல, அவளைப் பற்றிப் பயந்த கண்கள். வழியில் போனவளைக் கை காட்டி நிறுத்தி உதவி கேட்டவன் முகத்தை அப்போதுதான் அவள் ஒழுங்காகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டோமோ என்று தோன்றியதும் சட்டென்று டயர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கொண்ணும் இல்லீங்க. உங்களுக்குத்தான் ஒத்தைச் செருப்பு. ஆமா, எந்த முட்டாளுங்க இந்தப் பம்பரைச் செஞ்சது?"

"தெரியலீங்க. பழைய வண்டியா வாங்குனப்பவே இது இருந்துதுங்க. எவனா இருந்தாலும் கையை முறிக்கோணும். அந்த டயர் மட்டும் இல்லீனா உங்க தலை..."

அவன் முடிக்கவில்லை. மலர்விழி குனிந்து கொக்கியைக் கையில் எடுத்தாள். அதோடு வந்திருந்த தகட்டில் பாதி அறுந்த ஒரு பூ. வளைந்த ஆறு இதழில் மூன்று இங்கே, மிச்சம் மூன்று அந்தப் பம்பரில். அந்தப் பூவை வரைந்து, வெட்டி, விளிம்பு தேய்த்தது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"முறிக்கோணுங்க..." என்றாள், ஈனக்குரலில்.

"சும்மா முறிச்சாப் பத்தாதுங்க!"

"ஆமாங்க... பத்தாதுங்க."

நல்லவேளையாக ஒரு டிராக்டர் வந்தது. அச்சிலேயே சங்கிலி போட்டு மஞ்சள் ஜீப்பை வெளியே இழுத்தார்கள். அவன் ஒரு கோழி டாக்டராம். கரைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் நான்காயிரம் கோழிகள் தீனி எடுக்காமல் அவனுக்காகக் காத்திருக்கின்றனவாம். "கோழிங்க கோவிச்சுக்கப் போவுது, ஓடுங்க" என்று அவள் விரட்ட, அவன் சிரித்துக்கொண்டே போனான். போன பிறகுதான் பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று இருந்தது. கேட்காததே நல்லது என்றும் இருந்தது.

மூன்றாம் நாள், நாமக்கல்லில் அப்பா செங்கோடனின் லாரி பாடி கட்டும் பட்டறையில், முகத்தில் வெல்டிங் மாஸ்க்கோடு அவள் ஒரு லாரிச் சட்டத்தில் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் ஜீப் நேராக உள்ளே வந்து நின்றது.

"இந்தப் பூ போட்ட பம்பரு உங்க பட்டறையுதுன்னு சொன்னாங்க. நானு தமிழரசுங்க, கோழி டாக்டர்" என்றவன் பிய்ந்த பம்பரைச் செங்கோடனின் காலடியில் வைத்தான். "இதைச் செஞ்சவரை நான் பாக்கோணும்."

"என்னத்துக்குங்க?" என்றார் செங்கோடன்.

"உதவி பண்ண வந்த பொண்ணு ஒருத்தி... கொக்கி பறந்து அவங்க தலை போயிருக்கும். மூணு நாளா எனக்கு அதேதான் கண்ணுல நிக்குதுங்க. பேரு கேக்காம உட்டுட்டேன். அவங்களுக்காகவாவது உங்களை நாலு கேள்வி கேக்காம போகமாட்டேன்."

மாஸ்க்குக்குள்ளே மலர்விழிக்குக் குப்பென்று வேர்த்தது. தனக்காகத் தன்னிடமே சண்டைக்கு வந்திருக்கிறான்! சிரிப்பதா, ஓடி ஒளிவதா?

செங்கோடனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருசமுங்க! என்ற பட்டறையில வெச்ச வெல்டு ஒண்ணு உட்டதில்ல. இழுத்தவங்களுக்கு இழுக்கத் தெரியலீங்க. கண்ணு மலரு, இங்க வா. உன்ற பம்பரு எப்பிடின்னு நீயே இவருகிட்டச் சொல்லு சாமி."

வேறு வழியில்லை. மாஸ்க்கைத் தூக்கினாள்.

தமிழரசுவின் வாய் திறந்தபடி நின்றது. "நீங்களா..."

பம்பர் தப்பு என்றால் செய்தவள் அவள். இழுத்தது தப்பு என்றால் இழுத்தவளும் அவளே. எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்வது அவள்தான்! அப்பா பெருமையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டிப்ளமோ முடித்துவந்த பெண் சொந்தமாக வடிவமைத்த முதல் சாமான் அது...

"வெடுக்குன்னு இழுத்துட்டேனுங்க" என்றாள் தரையைப் பார்த்து. "தப்பு எம்மேலதானுங்க."

அவன் பிய்ந்த பம்பரைப் பார்த்தான்; பிறகு அவளைப் பார்த்தான். கோபம் இருந்த இடத்தில் இப்போது வருத்தம்.

"இல்லீங்க. நீங்க நிதானமாத்தான் இழுத்தீங்க. நான் பக்கத்துலதான நின்னேன்." சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து மேசையில் வைத்தான். "வாரேனுங்க."

அந்த மென்மைதான் அவளை உலுக்கியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பிய்ந்த தகட்டை வெயிலில் வைத்துப் பார்த்தாள். வெல்டு அப்படியே இருந்தது, அப்பா சொன்னதில் பொய்யில்லை. கிழிசல் தொடங்கியது பூவின் ஓர் இதழ் முனையில். இதழுக்கு இதழ் ஓடி, கொக்கியைச் சுற்றித் தகட்டையே கிழித்திருந்தது.

லாரிகளுக்கு நடுவிலே வளர்ந்தவள் அவள். லாரிக்குப் பம்பர் என்றால் முன்னால் இடி தாங்குவது, அப்புறம் அழகு. அந்தப் பழக்கத்திலேயே ஜீப்புக்கும் செய்துவிட்டாள். சேற்றில் சிக்கும் வண்டியின் பம்பர் இழுவை தாங்க வேண்டும். அந்த இழுவை தகட்டுக்குப் போகாமல் நேராக அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போக வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம் எப்படித் தோன்றாமல் போனது? வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஏனென்றால் இதே பம்பர் இன்னும் பதினொரு வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வண்டியின் பின்னாலும் ஸ்டெப்னி இருக்காது.

"எல்லாருக்கும் போன் போட்டு அந்தக் கொக்கியில கட்டாதீங்கன்னு சொல்லப் போறேங்ப்பா."

"பட்டறை பேரு என்னாவும்னு யோசிச்சியா கண்ணு?"

"ஆருக்காச்சும் தலை போனா, அப்ப பேரு என்னாவுமுங்ப்பா?"

செங்கோடன் எழுந்து போய்விட்டார். அவள் போனை எடுத்தாள். சேலத்துக்காரர் கத்தினார். ராசிபுரத்துக்காரர் சிரித்தார். மேட்டூர்க்காரர், "இப்பவாச்சும் சொன்னியே தாயி" என்றார். பதினொன்று முடிந்தது. மேசையில் ஒரு கார்டு மட்டும் மிச்சம் இருந்தது. அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினாள்.

"தமிழரசுங்களா... பம்பரைச் செஞ்ச முட்டாளு பேசறேனுங்க. இழுத்ததுல தப்பில்லீங்க. செஞ்சதுலதான் தப்பு. அன்னிக்குச் சொல்லத் தைரியம் வரலீங்க."

மறுமுனையில் கோழிகளின் சத்தத்துக்கு நடுவே அவன் குரல். "கையை முறிக்கோணும்னு சொல்லிட்டேனே... இப்ப என்ன பண்றதுங்க?"

"புதுசு செஞ்சு முடிக்கிற வரைக்கும் உட்டு வையுங்க. அந்தக் கை வேணும்."

அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூன்று நாள் பாரம் இறங்கியது.

புதுப் பம்பரில் பூ இல்லை. தடித்த இரண்டு தகடுகள் சேஸிஸின் இரு சட்டங்களிலும் போல்ட்டில் இறுகின. இரண்டு கொக்கிகளும் அந்தத் தகடுகளில்தான். மேட்டில் ஏறும்போது இடிக்காமல் இருக்க ஓரங்கள் இரண்டும் மேல்நோக்கிச் சரிந்தன. ஞாயிற்றுக்கிழமை அதே ஏரிக்கரையில், அதே சேற்றில், தமிழரசு தன் ஜீப்பைத் தானே கொண்டுபோய்ப் புதைத்தான். "இந்த ஊர்ல வேணும்னே சேத்துல எறங்குற மொதல் ஆளு நாந்தானுங்க!"

கூப்பிடாமலே செங்கோடனும் வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு சாக்கை ஏரித் தண்ணீரில் நனைத்து, இழுவைப் பெல்ட்டின் நடுவில் தானே போட்டார். அறுந்தாலும் பறக்காது. பிறகு வேடிக்கை பார்க்க நின்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னார்.

மலர்விழி ஜீப்பை நகர்த்தினாள். பெல்ட் இறுகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்... பின்னால் சேறு 'சளக்' என்றது. கண்ணாடியில் மஞ்சள் நிறம் மெல்ல அசைந்து, ஏறி, கரைக்கு வந்து நின்றது! செங்கோடன் குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிப் பார்த்தார். "ஒரு மயிரிழைகூட நவுரல" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். அவருக்கு அதற்கு மேல் பாராட்டத் தெரியாது.

இறங்கி வந்த தமிழரசுவின் முகமெல்லாம் சேறு. கண்கள் மட்டும் பளிச்சென்று... மறுபடியும் தூறல் போட்டது.

"பன்னண்டு பேருகிட்ட உண்மையைச் சொல்லிட்டேனுங்க" என்றாள் மலர்விழி. குரல் ஏனோ இறங்கிப்போயிருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லாம வெச்சிருக்கறேன்."

"சொல்லுங்க..."

"அன்னிக்கு நீங்க செருப்பில்லாம ஓடியாந்தீங்களே... அப்பவே உங்களைப் புடிச்சுப்போச்சுங்க."

அவன் கோழி, வண்டி, மழை எல்லாம் மறந்து நின்றான். பிறகு மெதுவாக, "எனக்கு அதுக்கும் முன்னாலயேங்க. நீங்க வண்டியை நிறுத்தி, 'கட்டுங்க கயித்தை'ன்னு அதட்டுனீங்களே... அப்பவே" என்றான். ஓரக்கண்ணால் செங்கோடனைப் பார்த்தான். "அப்பாகிட்ட நான் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க. நானே சொல்றேன்." நடந்தவள் நின்று திரும்பினாள். கண்ணில் சிரிப்பும் ஈரமும் ஒன்றாக இருந்தன. "நீங்க பக்கத்துல நில்லுங்க... போதும்."