ஈரம் தொட்ட விரல்

செவலையின் இடது முன்காலில் ஒரு முட்டைகூட இல்லை.

கலியாணசுந்தரம் குனிந்து மறுபடி பார்த்தான். நேற்று மாலை ரயிலடியிலிருந்து திரும்பி ஜட்கா வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்தபோது, இரண்டு முன்கால்களிலும் முழங்கால் முதல் குளம்புவரை தினை தூவினதுபோல் மஞ்சளாக ஒட்டிக்கிடந்தன. ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்தால் அந்த ஈ வந்துவிடும். பார்க்கத் தேனீ மாதிரி இருக்கும், கடிக்காது. மயிருக்கு ஒன்றாக முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். காலையில் கத்தியால் சுரண்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். வலது காலில் அப்படியே இருந்தன. இடது கால் மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

தடவிப் பார்த்தான். ஈரம். மயிர்கள் இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கப்பட்டிருந்தன. முறுக்கின இடத்தில் சாம்பல்.

அந்த முறுக்கை அவன் அறிவான். பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிகளுக்கு அவன் மனைவி தில்லையம்மாள்தான் பாவு நூல் பிணைத்தவள். நெய்து முடிந்த பாவின் இழைமுனையையும் புதுப்பாவின் இழைமுனையையும் சேர்த்துப் பிடித்து, விரலை நாக்கில் தொட்டு, சாம்பலில் தொட்டு, ஒரு முறுக்கு. அப்படி ஆயிரக்கணக்கான இழை. விரல் வாய்க்குப் போய் வருவது அவளுக்கே தெரியாது. அவள் போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி போட்டிருந்த மைத்துனன் குமாரசாமியைக் கூப்பிட்டு, குதிரையைத் தொட்டாயா என்று கேட்டான்.

"நானா? அது ஒரு உதை உட்டா தறிக்குழில யாரு மாமா ஒக்கார்றது, நீயா?" என்று சிரித்தான் குமாரசாமி. சிரிப்பு நின்றதும் தணிந்த குரலில் கேட்டான். "அக்காவுக்கு என்னதான் ஆச்சு மாமா? கூடவே இருந்தவன் நீ ஒருத்தன்தான். வருசம் திரும்பறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லேன்."

எனக்கென்னப்பா தெரியும் என்றான் கலியாணசுந்தரம். எத்தனையாவது தடவையோ.

தெரியும். லாடம் அடிக்கும் சாயபு போன ஐப்பசியில் சொல்லியிருந்தார். "சூடும் ஈரமும் பட்டுதுன்னா அந்த நிமிசமே புழு வெளிய வந்துடும்பா. குதிரை நக்கித்தான் வயித்துக்குள்ள எறங்குது. முட்டைய எடுக்கற கை வாய்க்குப் போவக்கூடாது, பாத்துக்க."

அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தான். ஆனால் மறுநாள் வண்டிச் சோதனை. கத்தியால் சுரண்டினால் கால் திட்டுத்திட்டாகிவிடும். குதிரைக்குச் சொறி என்று வண்டியை நிறுத்திவிடுவார்கள். அவன் வருவதற்குள் தில்லையம்மாள் செவலையின் காலடியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "சிக்கு எடுக்கறதவிட இது சுளுவா இருக்குதே. நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்றாள். விரல் நாக்கைத் தொட்டது. மயிரை உருவியது. மறுபடி நாக்கைத் தொட்டது.

சொன்னால் அருவருத்து எழுந்துவிடுவாள். இன்னும் ஒரு கால்தானே என்று நினைத்தான். கதவருகில் நின்று, அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

சோதனையில் வண்டி தேறியது. கார்த்திகையில் அவள் நாக்கு புண்ணானது. பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. "தொண்டைல ஏதோ ஊந்துக்கினே இருக்குதுங்க," என்றாள். வைத்தியர் குடலில் ரணம் என்றார். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். வைத்தியரிடமும் சொல்லவில்லை.

குமாரசாமியிடம் கேட்டதற்கு மறுநாள் காலை செவலையின் வலது காலும் சுத்தமாக இருந்தது. அன்று அவன் வண்டி பூட்டவில்லை. பகல் முழுவதும் கொட்டகைப் பக்கம் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் குதிரை கால் மாற்றி மாற்றித் தரையை உதைக்கத் தொடங்கியது. தண்ணீர் காட்டாமல் விட்ட பாவமும் சேர வேண்டாம் என்று வாளியோடு எழுந்து போனான்.

காமாட்சியம்மன் கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு வரும் அந்த வெறுமையில், ஊறின கொள்ளும் குதிரை மூத்திரமும் நனைந்த கூரையும் கலந்த வழக்கமான நாற்றத்துக்கு அடியில், பாவுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடையும் ஆறிப்போன அடுப்புச் சாம்பலின் வாடையும் மெல்ல எழுந்து வருவதை அவன் கதவைத் தாண்டும்போதே உணர்ந்தான். செவலை கயிறு இழுக்கும் தூரம்வரை பின்வாங்கி, சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. காதுகள் மடிந்திருந்தன. தண்ணீரை அது பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தது.

ப்ச்.

நாக்கிலிருந்து விரல் பிரியும் சத்தம். இருபது வருஷம் கேட்ட சத்தம்.

வாளியைக் கீழே வைத்தான். முன்கையில் குறுகுறுத்தது. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மயிருக்கு ஒன்று. மஞ்சள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை.

ப்ச்.

சூடான, ஈரமான விரல் நுனி அவன் கையில் பட்டது. ஒரு முட்டையை உருவியது. அடுத்ததை உருவியது. இரண்டு மயிரைச் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கியது. வலிக்கவில்லை. அத்தனை மெதுவாக. அத்தனை பழக்கமாக.

கால் நகரவில்லை. விரல் மேலே மேலே வந்தது. முழங்கைக்குக் கீழே நின்றது. காய்ந்துபோயிருந்தது.

இந்தத் தடவை அந்த ‘ப்ச்’ சத்தம் வரவில்லை. விரல் அவன் கையை விட்டது. அவன் உதட்டுக்கு வந்தது. சாம்பல் நறநறத்தது. சாம்பலோடு, தினைபோல வேறொன்றும். அங்கேயே நின்றது. காத்திருந்தது.

வாயை இறுக மூடிக்கொண்டான்.

சுவருக்கு அப்பால் குமாரசாமியின் தறி சட்டென்று ஓய்ந்தது.

"மாமா," என்றது அவன் குரல், மெதுவாக. "உள்ள யாரு பாவு பிணைக்கறது?"

விரல் அசையவில்லை. குமாரசாமியும் மறுபடி கேட்கவில்லை. சுவரோடு காதை வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. பதினோரு மாதம். ஒரே ஒரு வார்த்தை. அன்று கதவருகில் நின்று சொல்லியிருக்க வேண்டியது.

சொல்லத்தான் கலியாணசுந்தரம் வாயைத் திறந்தான்.

விரல் உள்ளே வந்து அவன் நாக்கைத் தொட்டது. போனது. அடுத்த இழைக்கு மறுபடி வந்தது.