முனகாத வண்டி

வயரைச் சேர்த்ததும் ஸ்பீக்கர் முனகியிருக்க வேண்டும். முனகவில்லை. டக்... டக்... என்று தடியால் தரையைத் தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது.

மெக்கானிக் வயரைப் பிடுங்கினான். பதினெட்டு வருஷமாக வயரோடு மல்லுக்கட்டுபவன். "லூஸ் கான்டாக்ட்," என்று தனக்கே சொல்லிக்கொண்டான். நம்பத்தான் முடியவில்லை.

ஷோரூமுக்கு அடியில், ஜன்னலே இல்லாத அந்த ஒர்க்‌ஷாப்பில், டயர் ரப்பரும் கிரீஸும் கலந்த வாடைக்கு நடுவே, அந்த மதியம் அவனும் கறுப்பு ஸ்போர்ட்ஸ் காரும் மட்டும்தான். பெட்ரோல், கரண்ட் இரண்டிலும் ஓடும் வண்டி. பெட்ரோலில் உறுமினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பிளக்கில் சார்ஜ் ஏற்றி கரண்டில் ஓட்டினால் பூனை நடை. அதனால்தான் மெதுவாக நகரும்போது முனகுவதற்கென்றே முன்பக்கம் ஒரு ஸ்பீக்கர், நடப்பவர் காதில் விழட்டும் என்று.

"என்னப்பா இது, இவ்ளோ பெரிய வண்டிய வாங்கிட்டு மிக்ஸி மாதிரி முனகிட்டுப் போறேன்! கழட்டி விட்ரு," என்றார் வண்டியின் ஓனர், போன வாரம். இவனும் சிரித்துக்கொண்டே வயரை வெட்டினான். ரெண்டு நிமிஷ வேலை. எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

நாலாம் நாள் ஒரு கார் பார்க்கிங்கில், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பார்வையற்ற மனிதர் நடந்துகொண்டிருந்தார். காதாலேயே வழி பார்த்தவர். பின்னால் வந்த இந்த வண்டி அவர் காதுக்குத் தெரியவே இல்லை. தடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

நாளைக் காலை வண்டியைச் சோதிக்க அதிகாரி வருகிறார். அதற்குள் ஸ்பீக்கர் முனகியாக வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில். செத்தவரை நினைத்து அவனுக்கு வருத்தம்தான். பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

டக். டக்.

பிடுங்கிய வயர் அவன் கையில்தான் இருந்தது.

போன் அடித்தது. மேலே ஷோரூம் வரவேற்பில் இருக்கும் மனைவி.

"இன்னும் முடியலையா? நான் கீழ வரவா?"

"வேணாம். நீ வராத."

"என்ன குரலே ஒரு மாதிரி இருக்கு? பேயறைஞ்ச மாதிரி பேசறே?"

"வராதேன்னா வராத!"

போனை வீசிவிட்டு ஸ்பீக்கரைக் கழற்றித் தரையில் போட்டு, வெறி பிடித்தவன் போல சுத்தியலால் அடித்தான். ஒரு அடி. இரண்டு. மூன்றாவது அடிக்குச் சத்தம் வரவில்லை.

நிமிர்ந்தான். மின்விசிறி சுற்றியது, இரைச்சல் இல்லை. கத்தினான், தொண்டை அதிர்ந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. ஐயோ, என் காது!

வண்டிக்குள் திரை தானாக எரிந்தது. பேட்டரி நூறு சதவீதம். சீட்டில் ஆள் இல்லை.

விளக்கு போனது. திரையும் அணைந்தது.

கும்மிருட்டு. கையை நீட்டினான். வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லை.

முழங்காலுக்குப் பின்னால் ஏதோ தொட்டது. சில்லென்று. மெதுவாக.

திரும்பித் தடவினான். வெறும் காற்று.

இப்போது முன்னால். முழங்காலுக்குக் கீழே, எலும்பில். ஒரு சின்னத் தட்டல்.

விலகியது.

இடுப்பில்.

விலகியது.

அவசரமே இல்லை அதற்கு.

தூரத்தில், ஷோரூமிலிருந்து வண்டிகள் இறங்கும் சாய்தளத்தின் உச்சியில் கதவு திறந்தது. தலைக்கு மேல் எரிந்த வாசல் விளக்கில் அவன் மனைவி. இறங்கி வந்தவள் அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

வாய் திறந்தது. கத்துகிறாள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள். இரண்டு கைகளும் உதறுகின்றன, எந்தப் பக்கம் காட்டுகின்றன என்றே புரியவில்லை.

இடமா? வலமா? சொல்லேன்டி!

சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் இடப்பக்கம் தாவினான்.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.