பதினோராவது கம்பி

கடம்பூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய அருண்பாண்டியன் தீப்பெட்டி ஆலைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆலையில் ஆள் அரவமே இல்லை. வாசலுக்கு எதிரே வேலிக்கருவை நிழலில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

யார் என்று வாட்ச்மேனிடம் கேட்டான். பசுவந்தனைக்காரி, பெருமாயி என்று பெயர். மகள் முத்துச்செல்வி இங்கே குச்சி உலர்த்தும் வேலை பார்த்தவள். போன வருஷம் ஆலையில் தீப்பிடித்த அன்றிலிருந்து அவளைக் காணவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். லாரி கிளீனரோடு ஓடிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தாய்க்காரி மட்டும் ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். சொல்லிவிட்டு வாட்ச்மேன் சிரித்தான். ஊருக்கு ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆலைக்குக் கணினி பொருத்தியவன் அருண்பாண்டியன்தான். உலர்த்தும் அறைகளின் சூடு, விசிறி, அபாய மணி எல்லாம் அந்த ஒரு பெட்டியின் பொறுப்பு. முதலாளி சௌந்தரபாண்டியன் வாங்கிப் போட்டதோ இருப்பதிலேயே மலிவான மதர்போர்டு பலகை. கணினி கண் விழிக்கும்போது பயாஸ் என்ற தொடக்க நிரல், கணினியை நடத்துகிற மைய நிரலான கெர்னலிடம் ஒரு பட்டியலைக் கொடுக்கும். எந்த உறுப்பு எந்தக் கம்பியில் இருக்கிறது என்று. பட்டியலில் இல்லாதது கெர்னலைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. இந்தப் பலகையைச் செய்த புண்ணியவான் பட்டியலில் பாதியை எழுதாமலே அனுப்பிவிட்டான். விட்டுப்போன விசிறிகளையும் சூட்டுமானிகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, அருண்பாண்டியன் தன் கையாலேயே கெர்னலுக்குள் எழுதிச் சேர்த்தான்.

பதினோராவது கம்பி மட்டும் பிடிபடவில்லை. நாளைக்கு ஒன்றிரண்டு முறை அதில் துடிப்பு வரும். கெர்னல் திகைத்துப்போய், 'யாரும் கவனிக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதும். முதலாளியைக் கேட்டதற்கு, அது பழைய வயர், அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது என்றார். கம்பி போன வழியே போய்ப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவனுக்கு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது. அதில் என்ன வந்தாலும் எண்ணிக்கொள், யாரையும் கூப்பிடாதே என்று கெர்னலுக்கு எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

இப்போது தினமும் உச்சிப்பொழுதில் கணினி திணறி நின்றுவிடுகிறதாம். அதைச் சரிபார்க்கத்தான் முதலாளி அவனை வரச்சொல்லியிருந்தார்.

கணினி அறைக்குள் மெழுகும் மருந்தும் கலந்த வாடை. அருண்பாண்டியன் திரையைப் பார்த்தபடி காத்திருந்தான். பன்னிரண்டு அடித்ததும் பதினோராவது கம்பியின் எண்ணிக்கை நகர ஆரம்பித்தது.

மூன்று துடிப்பு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூன்று.

அறுந்த கம்பி உரசினால் இப்படி ஒழுங்காக வராது. எழுந்து கம்பியோடே நடந்தான். நடைபாதைக் கடைசியில் அது ஒரு செங்கல் சுவருக்குள் புகுந்தது. சுற்றிலும் பழைய சுண்ணாம்புச் சுவர். இந்த ஒரு வாசல் அகலம் மட்டும் புதுசு, ஒரு அறையின் வாசலை அடைத்துக் கட்டியதுபோல. சுவரில் கை வைத்தான். சுட்டது.

திரும்பி ஓடிவந்து கம்பியைப் பலகையிலிருந்து பிடுங்கினான்.

எண்ணிக்கை நிற்கவில்லை.

பிடுங்கிய கம்பி அவன் கையில்தான் இருந்தது. திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. துணி பொசுங்கும் வாடை அடித்தது.

மணிக்கொரு தரம் எண்ணிக்கையைக் குறித்துவைக்கும் கோப்பு ஒன்றை அவனே அன்று வைத்திருந்தான். அதைத் திறந்தான். தீப்பிடித்த நாள், பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள், நானூற்றுப் பதினாறு. அடுத்த மணிக்குப் பூஜ்யம்.

அடைத்த சுவருக்குப் பின்னால் இருப்பது ஓர் உலர்த்தும் அறை என்று இப்போது விளங்கியது. கதவு வெளியே பூட்டியிருந்தால் உள்ளே இருப்பவர்கள் அழுத்துகிற மணிப் பொத்தான் அது. முத்துச்செல்வி நானூற்றுப் பதினாறு முறை அழுத்தியிருக்கிறாள். அவன் எழுதிய அந்த ஒரு வரி, ஒவ்வொரு அழுத்தத்தையும் சிரத்தையாக எண்ணியிருக்கிறது.

"பார்த்துட்டீயளா?"

அறை வாசலில் முதலாளி சௌந்தரபாண்டியன் நின்றிருந்தார். முகத்தில் பதற்றமே இல்லை.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ள உள்ளதான் இருக்கு" என்றான் அருண்பாண்டியன்.

"அந்தப் பிள்ள பேரு நம்ம ரிஜிஸ்டர்லயே கிடையாது தம்பி." அவர் நிதானமாகப் பக்கத்தில் வந்தார். "சரி, சுவர இடிப்போம். மணி ஏன் அடிக்கலன்னு கேப்பாவ. அடிக்காதன்னு எழுதுனது யாரு?"

ஒரு தாளில் அந்த நாளையும் அந்த எண்ணையும் எழுதி வெளியே கொண்டுபோனால் போதும், முத்துச்செல்வி ஓடிப்போனவள் இல்லை என்று ஆகிவிடும். அருண்பாண்டியனுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கோப்பை அழித்தான். தெரிந்துதான், இனிமேல் அந்தக் கம்பியை எண்ணக்கூட வேண்டாம் என்று கெர்னலுக்கு எழுதினான். விரல்கள் தப்பில்லாமல் வேலை செய்தன.

எண்ணிக்கை நின்றது. பொசுங்கல் வாடை போகவில்லை. அவன் வாசலுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது.

பெருமாயி எழுந்து வழியை மறித்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, எம்மவ அன்னைக்கு உள்ள இருந்தாளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. உள்ள யாரும் இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கும்பிட்ட கைகள் மெல்லப் பிரிந்து முன்னால் நீண்டன.

"ஏட்டி" என்றாள், தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில். "அவிய பொறத்தால போவாத. இங்கன வா."

அருண்பாண்டியன் திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று சாலையைப் பார்த்து நடந்தான். முந்தின நாள் மழையில் ஊறிய கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். அவன் நின்ற இடத்திலெல்லாம், ஒரு எட்டு தாமதித்து, பின்னால் வெறுங்கால் ஒன்று சேற்றில் பதிந்தது.

பஸ் வரும்வரை பெருமாயி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மகள் அவளிடம் திரும்பிப் போகவே இல்லை.